வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 படிப்பவர்கள் நேரத்தை எங்கே விடுகிறார்கள்?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வை எழுதுகிறவர்களில் பலர் முழுநேரம் படிப்பவர்கள் இல்லை. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, இரவு ஏழரைக்கு வீடு திரும்பி, சாப்பிட்ட பிறகு புத்தகத்தைத் திறக்கிறவர்கள். அவர்களுடைய உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் சறுக்கல் தொடங்குவது டைம்டேபிள் போடும் இடத்தில்.

அறிவிப்பு வந்த சூட்டோடு ஒரு டைம்டேபிள் எழுதுகிறோம். காலை 4 முதல் 7, இரவு 8 முதல் 11. அதில் ஓவர்டைம் கிடையாது, காய்ச்சல் கிடையாது, சித்தப்பா வீட்டுக் கல்யாணம் கிடையாது. மூன்றாவது நாள் ஒரு பாடம் விடுபடுகிறது. அதை மறுநாள் தலையில் ஏற்றுகிறோம். பத்து நாளில் பாக்கி மலைபோலக் குவிந்து, டைம்டேபிளையே கிழித்துப் போட்டுவிடுகிறோம்.

இது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை மனிதர்கள் குறைத்தே கணிக்கிறார்கள் என்று டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979லேயே எழுதினார்கள். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். 55 நாளுக்கு மேல் ஆனது. நமக்கும் அதேதான் நடக்கிறது.

அதனால் முதல் வாரம் திட்டமே போடாதீர்கள். எப்போதும்போலப் படித்துவிட்டு, உண்மையில் எவ்வளவு நேரம் கிடைத்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். அந்த வாரத்தில் மிகக் குறைவாகக் கிடைத்த நாள் ஒன்றரை மணி நேரம் என்றால், தினசரித் திட்டமும் ஒன்றரை மணி நேரம்தான். கூடுதலாகக் கிடைப்பதெல்லாம் லாபம். திட்டத்தில் ஞாயிறு மதியத்தை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். வாரத்தில் விடுபட்டது அங்கே போய் உட்காரட்டும்.

அடுத்தது, எல்லாப் பாடத்துக்கும் சமமாக நேரம் பிரிப்பது. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அப்படியிருந்தும் ‘தமிழ்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைப்பவர்கள் ஏராளம். பாதி மதிப்பெண்ணைக் கடைசி மாதத்துக்கு விட்டுவைப்பது பெரிய தவறு. கிடைக்கும் நேரத்தில் பாதி தமிழுக்குத்தான்.

எந்த நேரத்தில் எது என்பதும் முக்கியம். ஷிப்ட் முடிந்து களைத்து வந்த பிறகு புதிய அரசியலமைப்புப் பாடத்தைத் தொட்டால், ஒரே பக்கத்தை மூன்று முறை படிப்போம். திறனறிவுக் கணக்கையும் புதிய பாடத்தையும் காலையில் முடியுங்கள். இரவுக்குப் பழைய வினாத்தாள் போதும்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது, படித்த மணி நேரத்தை மட்டும் எண்ணுகிற பழக்கத்தைப் பற்றித்தான். ‘இன்று நாலு மணி நேரம் படித்தேன்’ என்பதில் திருப்தி இருக்கிறது, ஆனால் ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நம் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை. ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம். பாடத்தின் ஓரத்திலேயே மூன்று தேதி குறித்துவிடுங்கள்: மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. புதுப் பாடத்தைவிட இந்தத் தேதிகளுக்கே முதல் இடம்.

டெலிகிராம் குரூப்பில் வரும் பிடிஎஃப்களைச் சேர்ப்பதும் படிப்புபோலவே தோன்றும், நேரத்தைத் தின்னும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், நடப்பு நிகழ்வுகளுக்கு ஏதாவது ஒரே மாத இதழ். இவற்றை முடித்த பிறகு மற்றதைத் தேடலாம்.

கடைசியாக, தேர்வறை நேரம். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. பதில் தெரியாவிட்டாலும் விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கான E என்ற வட்டத்தைப் பேனாவால் நிரப்பியாக வேண்டும். ஒரு வட்டத்துக்கு 5 விநாடி என்று வைத்தாலே கிட்டத்தட்ட 17 நிமிடம் பேனாவுக்குப் போய்விடும். போனில் பதிலைத் தட்டிப் பழகியவர்களுக்கு இந்த 17 நிமிடம் தேர்வறையில்தான் தெரியவரும். வட்டங்களை நிரப்பும் அந்த விடைத்தாளை (ஓஎம்ஆர் தாள்) அச்செடுத்து வைத்து, கடைசி இரண்டு மாதமாவது ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை, உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், எழுதிப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கே படித்துப் பழகிய மூளைக்குக் காலையில் மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்காரப் பயிற்சி வேண்டும். எழுதியதை அன்று மாலையே திருத்தி, தவறிய கேள்விகள் எந்தப் பாடத்திலிருந்து வந்தன என்று பார்த்து, திங்கட்கிழமைக் காலை நேரத்தை அந்தப் பாடங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.