அவசரத்துக்கு வருவோரை எண்ணிப் பருவக் காய்ச்சலைக் கண்டுகொள்வது எப்படி?

பிரான்சில் 1966ஆம் ஆண்டு தொடங்கிய எஸ்.ஓ.எஸ். மெட்சேன் அமைப்பின் வைத்தியர்கள், அவசர அழைப்பு வந்தால் வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்க்கிறார்கள். குளிர்காலக் காய்ச்சல் தலைதூக்குவதை அங்கே அவர்களின் குறிப்புகளும் காட்டிக்கொடுக்கின்றன.

கொழும்பில் பனிக்காலம் இல்லை. ஆனாலும் இன்புளுவென்சா எனும் இந்தப் பருவக் காய்ச்சல் பொதுவாக ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் இருமுறை ஏறும். வெள்ளவத்தையில் ஒரு சிறிய டிஸ்பென்சரியில் இருந்துகொண்டே, ஒரு சி.ஆர். கொப்பியை வைத்து இதைக் கவனிக்கலாம்.

1. யாரை எண்ணுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை போதும்: 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாட்களுக்குள். வெறும் தடிமன் இதில் சேராது. காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் நோவு, இருமல் இல்லை என்றால் வேறு நிரலில் எழுதுங்கள். அது டெங்குவாக இருக்கலாம். வருடக் கடைசி மழையோடு டெங்குவும் கூடுவதால், இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கொப்பியால் பயனே இல்லை.

2. ஒருவருக்கு ஒரு வரி: திகதி, வயது, அறிகுறி. பெயர் வேண்டவே வேண்டாம், தெரிந்த குடும்பமாக இருந்தாலும்.

3. ஞாயிறு இரவு கூட்டிப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு வாரம் 200 பேர் வந்து, 20 பேருக்கு இருமலும் காய்ச்சலும் என்று வைத்துக்கொள்வோம். அது 10 வீதம். அடுத்த வாரம் நத்தார். பாதிப் பேர் ஊருக்குப் போய்விட, வந்த 90 பேரில் 18 பேருக்குக் காய்ச்சல். 20 இப்போது 18 ஆகிவிட்டது, குறைகிறது என்று மனம் ஆறுதல்படும். வீதத்தைப் பார்த்தால் இரட்டிப்பு! அதனால் வந்தவர்களின் மொத்தத் தொகையை எழுத ஒருநாளும் மறக்காதீர்கள்.

4. வீதத்தைக் கட்டத்தாளில் புள்ளியிட்டுக் கோடாக்குங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 65ஐத் தாண்டியவர்களுக்கும் தனித்தனி நிறம். நோய் முற்றி வார்டுக்குப் போகும் ஆபத்து அவர்களுக்கே அதிகம். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோடு தொடர்ந்து இரண்டு வாரம் ஏறினால் வைத்தியரிடம் காட்டுங்கள். காத்திருக்கும் வாங்கில் இருமுபவர்களை அன்றே தனியாக, ஜன்னலோரம் உட்கார வைக்கலாம். தடுப்பூசி பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். ஆகவே முதியவர்களுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒக்டோபரிலேயே நினைவூட்டிவிடுங்கள்.