ஜிம்னியை மலைப்பாதைக்குத் தயார் செய்யும்போது நடக்கும் தவறுகள்

மாருதி சுசுகியின் ஜிம்னி வாங்கும் பலர் நம்பர் பிளேட் மாட்டுவதற்கு முன்பே, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆசை நியாயமானதுதான். லேடர் சேசிஸ் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்), முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை அச்சு), லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு போக) என்று ஆஃப்ரோடுக்கு வேண்டிய அடிப்படை எல்லாம் கம்பெனியிலேயே வருகிற வண்டி. திங்கட்கிழமை ஆபீசுக்கும் சனிக்கிழமை கரடுமுரடான பாதைக்கும் அதுவே போதும். ஆனால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதிலிருந்து வேலையை ஆரம்பிக்கிறார்கள். ஒரு பாகத்தை மாற்றினால் அதன் சுமை பக்கத்துப் பாகத்தின் தலையில் போய் விழும். அந்தக் கணக்கைப் போடாமல் செலவு செய்தால் பணமும் போகும், நன்றாக ஓடிய வண்டியும் கெடும்.

கீழே வரும் அளவுகள் ஐந்து கதவு ஜிம்னியுடையவை. தார், கூர்க்கா, ஸ்கார்பியோ-என் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியின் அளவைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி வாங்குவதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் மஹிந்திரா தாரின் பின்சக்கர இயக்க மாடல் குறைந்த விலையில் வந்தது. "இப்போதைக்கு இதை எடுப்போம், அப்புறம் ஃபோர் பை ஃபோர் ஆக்கிக்கொள்ளலாம்" என்று சொல்லி வாங்கியவர்கள் உண்டு. சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடது வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் தனித்தனியாக வாங்கி, பட்டறைக் கூலியும் கொடுத்து முடிப்பதற்குள் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போய்விடும். ஆர்.சி.யில் சிக்கல் வருவது தனி. கிரெட்டா, செல்டோஸ் மாதிரி முன்சக்கர வண்டி என்றால் நல்ல டயரும் அடிப்பக்கத் தகடும் போட்டுக்கொண்டு மண்சாலையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

சரி, லிஃப்டுக்கு வருவோம். இரண்டு இஞ்ச் ஏற்றினால் பாறைக்கு மேலே இரண்டு இஞ்ச் கூடுதல் இடைவெளி கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மில்லிமீட்டர். அது வண்டியின் மிகத் தாழ்வான இடத்தில் எடுக்கும் அளவு. சாலிட் ஆக்சில் வண்டியில் அந்த இடம் டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும். ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது, இருந்த உயரத்திலேயே இருக்கும். அதைத் தூக்க டயரால் மட்டும்தான் முடியும், அதுவும் கூடும் விட்டத்தில் பாதி அளவுக்கு. கம்பெனி டயர் 195/80 ஆர்15; விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் விட்டம் 703, டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது வெறும் 5 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733, கிடைப்பது 20 மில்லிமீட்டர். இதைத் தெரிந்துகொண்டு ஒரு பாறையைப் பார்த்தால், எந்தப் பக்கம் சக்கரத்தை ஏற்றி டிஃபரன்ஷியலைக் காப்பாற்றலாம் என்றுதான் மனம் முதலில் யோசிக்கும்.

அப்படியானால் லிஃப்ட் வீணா? இல்லை. மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மில்லிமீட்டர், நம் ஊரில் விற்ற ஐந்து கதவு வண்டிக்கு 2,590. கிளியரன்ஸ் ஒன்றுதான், ஆனால் மேட்டின் உச்சியைத் தாண்டும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கிவிட்டது. மேட்டில் ஏறி முன்சக்கரம் இறங்கும் நேரத்தில் வயிறு தட்டும். அங்கே லிஃப்ட் உண்மையிலேயே உதவும். பெரிய டயருக்கு இடமும் கிடைக்கும். ஆனால் முதல் செலவு அதற்கல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழே கனமான தகடும், கதவுக்குக் கீழே ராக் ஸ்லைடர் என்ற இரும்புக் குழாயும் போட்டாலே தட்டினாலும் சேதமில்லை.

லிஃப்ட் போட்டே தீருவது என்றால் ஸ்பிரிங்கோடு வேலை முடியாது. பாடி உயர்ந்ததும் முன் ஆக்சில் லேசாகச் சுழன்று கேஸ்டர் கோணம் குறையும். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேராகாது, நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும், சில வண்டிகளில் ஸ்டீயரிங்கே நடுங்க ஆரம்பிக்கும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடின் நீளம் மாறாததால் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். கேஸ்டரைச் சரிசெய்யும் புஷ், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு, நீளமான பிரேக் ஹோஸ் மூன்றையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கைக் கடைசி வரை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் பிரேக் ஹோஸ் கம்பி மாதிரி விறைத்து நிற்கிறதா, கொஞ்சம் தளர்வு மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துவிடும். விறைத்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்கிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், எதிரே வருபவர்தான் கண்கூசித் திட்டுவார்.

எடைக் கணக்கை யாருமே போடுவதில்லை. வண்டியின் எடை சுமார் 1,200 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545. மிச்சம் 345. நான்கு பெரியவர்கள் ஏறினால் 280 போயிற்று. இரும்பு பம்பர் 40, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் ஸ்டீல் ரோப்போடு 30, ரூஃப் ரேக் 25, கூரைக் கூடாரம் 50 என்று வைத்தால் இன்னும் 145. டிக்கியில் ஒரு தண்ணீர் கேன்கூட வைக்காமலே 80 கிலோ கூடிவிட்டது. பிரேக், பேரிங், கிளட்ச் எல்லாம் பழைய அளவுதான். கூரையில் ஏறும் எடை இன்னும் மோசம், பக்கச்சரிவில் கவிழ்வதற்கு அதுவே போதும். அதனால் என்னென்ன மாட்டப் போகிறோம் என்று முடிவு செய்து, எடை தெரிந்தபின் கடைசியாக ஸ்பிரிங் வாங்குவதுதான் சரியான வரிசை. நாளைக்கு வின்ச் போடுவோம் என்று இன்றைக்கே கெட்டி ஸ்பிரிங் போட்டால், எடை இல்லாத வண்டி குதிக்கும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்காமல் அந்தரத்தில் சுற்றும்.

டயரில் மட் டெரெய்ன் (சேற்றுக்கான பெரிய கட்டை டயர்) மோகம். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், சேற்றில் நன்றாகவே கடிக்கும். தினமும் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அது இரைச்சல், மைலேஜ் இழப்பு, மழையில் நீளும் பிரேக்கிங் தூரம். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதும் என்பதே என் கட்சி. டயர் பெரிதாகும்போது கியரும் நீண்டுவிடும், அதாவது ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போவதால் இழுவை குறையும் என்பதை மறக்கக் கூடாது. 733 மில்லிமீட்டர் டயரில் கிட்டத்தட்ட 6 சதவீதம். 134 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள எஞ்சினுக்கு அது நன்றாகவே உறைக்கும், இறக்கத்தில் லோ ரேஞ்சின் பிடியும் தளரும். ஸ்பேர் வீலையும் அதே அளவில் வாங்க வேண்டும், அது பின்கதவின் கீலில் தொங்கப்போகும் கூடுதல் எடை.

இத்தனைக்கும் செலவழிப்பவர்கள் காற்றை இறக்குவதில்லை! மணலிலும் பாறையிலும் 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று பிடிக்கும். அதைவிட அதிகம் இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. ஒரு பிரஷர் கேஜும், திரும்ப நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரஸரும் இருந்தால் முடிந்தது. எந்த லிஃப்ட் கிட்டும் இந்த விலைக்கு இவ்வளவு பலன் தராது.

மீட்புக் கருவி விஷயத்தில் நடக்கும் தவறு உயிரைக் குடிக்கும். வண்டியைக் கப்பலிலும் லாரியிலும் கட்டிவைப்பதற்காகக் கம்பெனி கொடுக்கும் வளையத்திலும், டிரெய்லர் இழுக்கும் டோ பாலிலும் ஸ்ட்ராப்பை மாட்டி வேகமாக இழுப்பார்கள். ரப்பர் மாதிரி நீளும் ஸ்நாட்ச் ஸ்ட்ராப் நீண்டு திரும்பும்போது பிய்ந்துபோகும் அந்த இரும்பு, பின்னால் நிற்கும் வண்டியின் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். வெளிநாடுகளில் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. சேசிஸில் போல்ட் செய்த, எடைத் தரம் குறிப்பிட்ட மீட்புக் கொக்கி முன்னும் பின்னும் இருக்க வேண்டும். இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் வீடியோ எடுக்க வந்து நிற்பதே ஸ்ட்ராப்புக்கு நேரேதான்.

ஸ்நார்க்கெல் மாட்டியதும் வண்டி படகாகிவிடுவதில்லை. காற்று இழுக்கும் இடம் மட்டும்தான் உயர்கிறது. ஆக்சில் மூச்சு விடும் பிரீதர் குழாய், கதவு ரப்பர், ஒயரிங் எல்லாம் பழைய உயரத்திலேயே. ஏர் பாக்ஸின் இணைப்புகள் சரியாக அடைபடாவிட்டால் ஸ்நார்க்கெல் வெறும் அலங்காரம். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் பெரும்பாலும் இதற்கு இழப்பீடு கிடைக்காது.

எல்.இ.டி. பார் மாட்டுபவர்கள் ரிலேயும் ஃபியூஸும் போட்டார்களா என்று பாருங்கள். ஹெட்லைட் ஒயரில் பிளேடால் கீறி டேப் சுற்றியிருந்தால் அன்றே பிரித்துவிடுங்கள்.

சட்டத்தை "யார் பிடிக்கப் போகிறார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி தந்த அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. முன்பக்க புல் பார்களை அகற்றச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. கோவாவில் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சில் ஓடும் வண்டிகளைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் கவனிக்க: அவை போட்டிக்காகக் கட்டியவை, அவற்றை வைத்துக்கொண்டு யாரும் பிள்ளையைப் பள்ளியில் விடப் போவதில்லை. தினசரி வண்டியில் போல்ட் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற மாற்றத்தோடு நில்லுங்கள். வெட்டி வெல்டிங் அடித்தால் விபத்து கிளெய்மிலும் மாட்டிக்கொள்வீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடுவது வனச் சட்டப்படி தனிக் குற்றம்.

வேலை முடிந்து முதல் தடவை பாதைக்குப் போய்வந்ததும் பலர் பாடியை மட்டும் கழுவி ஷெட்டில் விட்டுவிடுகிறார்கள். புதிதாக மாட்டிய போல்ட்டுகள் இந்த முதல் ஓட்டத்தில்தான் தளரும். டார்க் ரெஞ்ச் வைத்து எல்லாவற்றையும் மறுபடி முறுக்கி, வீல் அலைன்மென்டும் பார்க்க வேண்டும். ஆழமான தண்ணீரில் இறங்கியிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் பிளக்கைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் வெளுத்துப் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அன்றைக்கே வடித்துப் புது ஆயில் ஊற்றிவிட்டு, பிரீதர் குழாயை எஞ்சின் பே உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள்.