வெள்ளைப் பெயிண்ட் தொடாமல் சங்குவளை நாரை வரைவது

மஞ்சள் மூக்கு நாரை என்றும் சொல்லப்படும் சங்குவளை நாரையைப் பார்த்ததும் கண் போவது வாலுக்கு மேல் தொங்கும் ரோஜா நிற இறகுகளுக்கு. புதிதாக வரைபவர்கள் அந்த ரோஜாவிலேயே மெனக்கெட்டு, உடம்பின் வெள்ளையைக் காலி இடமாக விட்டுவிடுவார்கள். படம் தட்டையாகிப் போவது அங்கேதான். இந்தப் பறவையில் பெரும்பகுதி வெள்ளை; வாட்டர்கலரில் அது நிறம் பூசாமல் விடும் பேப்பரின் வெள்ளையேதான். அதில் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிடித்துவிட்டால் மற்ற நிறங்கள் தாமாகவே உட்காரும்.

அதைப் பிடிக்க நேரில்தான் பார்க்க வேண்டும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வேடந்தாங்கல் நல்ல இடம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும் என்பதால் இன்னும் அருகில் பார்க்கலாம். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். அதுவரை வெயில் பக்கவாட்டில் விழுவதால் மார்பும் இறக்கையும் தனித்தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் வெள்ளை முழுக்க ஒரே வெளிச்சமாகிவிடும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 பைனாகுலர் போதும். ஸ்டாண்டில் நிற்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் கிடைத்தால் இரண்டு கையும் வரைவதற்கு மிஞ்சும். கூட்டு மரத்தின் அடியில் மட்டும் போய் நிற்காதீர்கள். பெரிய பறவை மிரண்டு எழுந்தால் குஞ்சு வெயிலில் காயும், கீழேயும் விழலாம். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

ஸ்கெட்ச் புக்கின் ஒரே பக்கத்தில் ஐந்தாறு நிலைகளை ஒன்றாகத் தொடங்குங்கள். 2பி பென்சில் போதும், ரப்பர் வேண்டாம். பறவை அசைந்ததும் அந்தக் கோட்டை அப்படியே விட்டு அடுத்ததற்குப் போங்கள். இறகு கோதுவது, அலகைப் பாதி திறந்து தண்ணீரில் துழாவுவது, சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருவது என்று அதே நிலைகள் திரும்பத் திரும்ப வரும். வரும்போது பழைய கோட்டுக்குத் திரும்பலாம். பக்கத்திலேயே 'வயிற்றடியில் பச்சைச் சாயல்', 'கழுத்து நிழல் நீலம்' என்று எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் நினைவில் நிற்காதது இதுதான்.

உடம்பு அமைப்பில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். காலின் நடுவில் பின்பக்கம் மடங்குவது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் உடம்பின் எடைக்கு நேர் கீழே வர வேண்டும். பென்சிலைத் தூக்குக்குண்டு போல் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். தப்பினால் பறவை விழப்போவதுபோல் இருக்கும். மூன்றாவது அலகு. அடியில் தடித்து, நுனியில் மட்டும் லேசாகக் கீழ்நோக்கி வளையும். முழு நீளமும் வளைத்தால் அரிவாள் மூக்கன் ஆகிவிடும்.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம்), முழுப் பருத்தி, கோல்ட் பிரஸ்டு எனப்படும் லேசான சொரசொரப்பு. மரக்கூழ் பேப்பரில் ஈரம் நிற்காமல் சீக்கிரம் காய்ந்துவிடும். பிரஷ், நுனி கூரான ரவுண்டில் 10, 6, 2 ஆகிய எண்கள்.

முதலில் பின்னணி. கல்கத்தாவில் 1777 முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் குடும்பத்துக்காகப் பறவைகளை வரைந்த ஷேக் ஜைனுத்தீன் பின்னணியைக் காலியாக விட்டே சாதித்தார். அதற்கு அவர் அளவுக்குக் கோட்டில் கட்டுப்பாடு வேண்டும். நமக்கு எளிய வழி, பறவைக்குப் பின்னால் கருவேல மரத்தின் அடர்பச்சையை வைப்பது. பச்சை இருண்டால் பேப்பரின் வெள்ளை தானே ஒளிரும். வெளிக்கோட்டுக்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் (நிறம் படாமல் பேப்பரை மூடிவைத்து, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) தடவுவதானால் பழைய பிரஷை சோப்பில் தோய்த்துவிட்டுத் தடவுங்கள். மறுநாளுக்குள் உரித்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் விட்டால் பேப்பரையும் சேர்த்துக் கிழிக்கும்.

அடுத்து வெள்ளையின் நிழல். அல்ட்ராமரைன் நீலம் இரண்டு பங்கு, செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, நிறையத் தண்ணீர். காய்ந்ததும் வெளிறும் என்பதால் கண்ணுக்குச் சரி என்று தோன்றுவதைவிட ஒரு படி கூடுதலாகப் போடுங்கள். வயிற்றடி ஈரமாக இருக்கும்போதே துளி யெல்லோ ஓக்கரும் (மண்மஞ்சள்) பச்சையும் தொட்டு வையுங்கள். இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. வெறும் சாம்பல் போட்டால் பறவை அழுக்காகத் தெரியும்.

ரோஜா இறகுக்கு குயினாக்ரிடோன் ரோஸ் என்ற பெயிண்ட். இன்னொரு ரோஜா பெயிண்டான ஓபரா ரோஸ் கடையில் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அந்த இறகுகளை மட்டும் தண்ணீரால் நனைத்து, பளபளப்பு அடங்கத் தொடங்கும்போது நுனியில் நிறத்தைத் தொட்டால் அது மேல்நோக்கித் தானே கரையும். அவசரப்பட்டு அதிக ஈரத்தில் வைத்தால் ஓரத்தில் பூப்பூவாகப் படியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கரைவதற்குள் காய்ந்துவிடும். கூட்டிலிருக்கும் இளம்பறவைக்கு இந்த ரோஜாவே கிடையாது. அது மங்கிய பழுப்பு.

இறக்கையிலும் மார்புப் பட்டையிலும் உள்ள கறுப்பை டியூபிலிருந்து எடுக்காமல் அல்ட்ராமரைனும் அடர்பழுப்பான பர்ன்ட் அம்பரும் கெட்டியாகக் கலந்து, இறக்கை நுனியில் ஈரத்தோடு துளி விரிடியன் பச்சை சேருங்கள். அந்தப் பச்சை மினுக்கு நிஜத்திலும் உண்டு. மார்புப் பட்டையின் செதில்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைய வேண்டாம். வெளிச்சம் படும் பக்கம் நாலைந்து தெளிவாக இருந்தால் போதும், நிழல் பக்கம் ஒன்றோடொன்று கலந்து போகட்டும்.

கால் இளஞ்சிவப்பு என்று எல்லாப் படங்களிலும் இருக்கும். ஆனால் சூட்டைத் தணிக்கக் காலிலேயே எச்சமிடும் வழக்கம் இந்தப் பறவைக்கு உண்டு. அதனால் நேரில் பெரும்பாலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். சிவப்பை லேசாகப் போட்டு, காயும் முன் ஈர பிரஷால் திட்டுத்திட்டாக ஒத்தி எடுங்கள்.

போட்டோவை இறகு அடுக்கு சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா வெயில்பட்ட வெள்ளையை வெறுமையாக்கும், நிழலைக் கறுப்பாக்கும். நிறத்தில் சந்தேகம் வந்தால் ஸ்கெட்ச் பக்கத்தில் எழுதியதையே நம்புங்கள்.