பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கும் முன்: மறைத்த அடியைக் கண்டுபிடிப்பதும் சரியான விலை போடுவதும்

வேகத்துக்கென்றே செய்த கார் இரண்டாவது, மூன்றாவது கைக்கு வரும்போது விலை பாதியாகக்கூட இறங்கியிருக்கும். ஆனால் அதன் பிரேக் டிஸ்க், கிளட்ச், டர்போ ஆகியவற்றின் விலை இறங்கியிருக்காது. புதுக் காருக்குப் போடும் அதே சாமான்தான், அதே விலைதான். இதை மறந்து, "இந்த விலைக்கு இந்தக் காரா!" என்று அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் ஆறு மாதத்தில் பாதி விலைக்கு விற்றுவிட்டு வருகிறார்கள்.

விபத்தில் பட்ட கார் எல்லாமே கழித்துக்கட்ட வேண்டியவை அல்ல. பம்பர் உரசல் இல்லாத பழைய காரைத் தேடினால் கிடைக்காது. நமக்குத் தெரிய வேண்டியது, அடி எதுவரை உள்ளே போனது என்பதுதான். போல்ட்டில் கழன்று வரும் பாகங்களோடு நின்றதா, வெல்டிங் செய்த கூட்டுக்குள் இறங்கியதா? கீழே உள்ள ஒவ்வொரு சோதனையையும் இந்தக் கேள்வியோடு செய்யுங்கள்.

கையில் வேண்டியவை: பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டர் (இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளப்பதாக இருக்க வேண்டும், இரும்பு மட்டும் அளக்கும் மலிவான மீட்டர் அலுமினிய பானெட்டில் வேலை செய்யாது), நல்ல டார்ச், கைப்பிடி உள்ள சின்னக் கண்ணாடி, டேப், ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் உள்ள தகவலைப் படிக்கும் கருவி). விற்பவரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடாது, வண்டி கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமான பெயின்ட் எல்லாக் குறையையும் மூடிவிடும். பகல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள்.

படி 1: காகிதம்

சேஸிஸ் நம்பர் 17 எழுத்து, எண்களால் ஆனது. அதில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் வராது. முன் கண்ணாடிக்குக் கீழே, கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில், பாடியில் அடித்த இடத்தில், ஆவணத்தில் என எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஸ்கேனர் போடும்போது எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள நம்பரையும் ஒப்பிடுங்கள்.

இன்சூரன்ஸ் க்ளெய்ம் இருந்தால் தொகையை விட, மாற்றிய சாமான் பட்டியலைக் கேளுங்கள். பம்பர், லைட், கிரில் என்றால் கவலையில்லை. ரேடியேட்டர் சப்போர்ட், சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்), ஏர்பேக், சீட் பெல்ட் என்று வந்தால் அடி பலமானது. க்ளெய்மே இல்லை என்பது எதற்கும் சான்று ஆகாது. கைக்காசு போட்டுச் செய்த வேலை எந்தப் பதிவிலும் வராது.

படி 2: பெயின்ட் மீட்டர்

முதலில் கூரையை அளக்க வேண்டும். அங்கே அடிபடுவது அரிது என்பதால் அதுவே அந்த வண்டிக்கான அளவுகோல். பெரும்பாலான கார்களில் கம்பெனி பெயின்ட் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். பிறகு ஒவ்வொரு பேனலிலும் ஐந்து இடம்: நடுவில் ஒன்று, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று. நடுவில் மட்டும் அளப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். நசுங்கலை நிரப்பப் பூசும் பட்டி பெரும்பாலும் ஓரத்திலும் வீல் ஆர்ச் மேலும்தான் இருக்கும்.

ஓர் உதாரணம். கூரையில் 112, 108, 115. வலது முன் கதவில் 118. வலது பின் ஃபெண்டரில் மேலே 260, நடுவில் 275, வீல் ஆர்ச் பக்கத்தில் 900. இதன் பொருள்: பின் ஃபெண்டர் முழுவதும் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஆர்ச் மேல் பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். பின் ஃபெண்டர் பாடியோடு வெல்டிங் ஆனது. கதவு, முன் ஃபெண்டர், பானெட் மாதிரி கழற்றி மாட்ட முடியாது. ஆகவே முன் ஃபெண்டரில் 260 வந்தால் விலை பேசும் விஷயம், பின் ஃபெண்டரில் 900 வந்தால் டிக்கிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டிய விஷயம்.

இந்த மீட்டர் ஏமாற்றும் இடங்களும் உண்டு. இவ்வகைக் கார்களின் முன்பக்கம் கல்லடிக்காகப் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருப்பார்கள். அதுவே 150 முதல் 200 மைக்ரான் கூட்டிக் காட்டும். பேனல் முழுக்க ஒரே சீராக அளவு கூடியிருந்தால், விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் படலத்தின் விளிம்பு தட்டுகிறதா பாருங்கள். மறுபக்கம், 70-க்குக் கீழே இறங்கினால் மெஷின் பாலிஷ் போட்டே மேல்பூச்சைத் தேய்த்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பம்பரையும் கார்பன் ஃபைபரையும் இந்த மீட்டரால் அளக்கவே முடியாது. கார்பனில் டார்ச்சைச் சாய்த்து அடித்து, இழைக்கு நடுவே வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் இருக்கிறதா பாருங்கள். அது உள்ளே விரிசல் விட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

படி 3: போல்ட், சீலர், வெல்டிங்

புதுப் பேனல் வாங்கி ஒழுங்காக ஒரே தடவை பெயின்ட் அடித்திருந்தால் மீட்டர் சரியான அளவையே காட்டும். அங்கே கைகொடுப்பது போல்ட்தான். பானெட்டைத் திறந்து கீல் போல்ட்டையும், முன் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் வரிசையையும் பாருங்கள். கம்பெனியில் பல கார்களுக்கு பாடியோடு சேர்த்து போல்ட்டின் மேலும் பெயின்ட் ஏறும். ஸ்பேனர் பட்டால் அறுகோணத்தின் முனைகளில் பெயின்ட் உடைந்து இரும்பு தெரியும். போல்ட்டுக்கு அடியில் வாஷர் முன்பு இருந்த இடத்தில் பிறை வடிவில் வேறு நிறம் தெரிந்தால், பேனல் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது இணைப்புகளில் பூசிய சீலர். கம்பெனியில் மெஷின் பூசுவது, ஒரே தடிமனில், சீரான வரியாகப் போகும். டிங்கரிங் பட்டறையில் கையால் பூசியது அலை அலையாக, பிரஷ் கோடு தெரிய இருக்கும். இடது வலது இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள். ஒரே பக்கம் மட்டும் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளும் அப்படித்தான். கம்பெனிப் புள்ளி சின்னக் குழியாக, ஏறக்குறைய சம இடைவெளியில் இருக்கும். கிரைண்டர் கோடும் மேடான வெல்டிங்கும் இருந்தால் அந்தத் துண்டு வெட்டி ஒட்டியது.

டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பின்னாலிருந்து இடி வாங்கிய தரையில் லேசான அலை மிஞ்சும், எவ்வளவு தட்டினாலும் முழுதாகப் போகாது. எஞ்சினுக்கு இரு பக்கமும் முன்னோக்கி நீளும் லாங் மெம்பரில் சுருக்கமோ, நிமிர்த்திய மடிப்போ இருந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். காரின் அடியில், கதவுக்குக் கீழே நீளும் தகட்டு விளிம்பில் வரிசையான பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாடியை இழுத்து நிமிர்த்தும் பெஞ்சில் கவ்விப் பிடித்ததால் வரும் தடம் அது. ஜாக் போட்ட இடத்தில் வரும் நசுங்கலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜாக் ஓரிடத்தில் மடக்கும், கவ்வி நீளமாகக் கடிக்கும்.

படி 4: கண்ணாடி, லைட், பெல்ட்

எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் கம்பெனி முத்திரையும் தேதிக் குறியீடும் இருக்கும். ஒன்று மட்டும் வேறு பிராண்ட் என்றால் காரணம் கேளுங்கள். முன் கண்ணாடி கல் பட்டும் மாறும்; பின் பக்கக் கண்ணாடி மாறுவதற்கு அவ்வளவு எளிய காரணம் கிடையாது. ஒரு ஹெட்லைட் மங்கி, மற்றது பளிச்சென்று இருப்பதும் அதே கதை.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் உள்ள லேபிளின் தேதி, வண்டி தயாரான தேதிக்குச் சற்று முன்பாக இருக்க வேண்டும். பெல்ட் நடுவில் சிக்கினாலோ, விட்டால் முழுதாகச் சுருளாவிட்டாலோ, இடியில் இறுக்கும் கருவி ஒருமுறை வெடித்திருக்கலாம். பெல்ட்டின் உள் பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுதை மறைத்திருக்கிறார்கள். வேறொரு விளக்கோடு அச்சு அசலாக ஒன்றாக அணைந்தால், இரண்டையும் ஒரே வயரில் சேர்த்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

படி 5: ஸ்கேனர்

பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். குறியீடுகளை அழித்தபின் ஓடிய தூரம், சுயபரிசோதனைகளின் நிலை இரண்டையும் பாருங்கள். பல பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், நேற்றோ இன்று காலையோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

சில கார்கள் எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் சேமித்து வைக்கும். ஓடோமீட்டரில் 30,000 கிலோமீட்டர், எஞ்சின் நேரம் 1,500 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். நெரிசலில் மட்டுமே ஓடிய வண்டியாக இருக்கலாம், மீட்டர் திருப்பிய வண்டியாகவும் இருக்கலாம். போர்ஷே 911-இன் 997 தலைமுறை முதல், எஞ்சின் எல்லை மீறிச் சுழன்ற தடவைகளை ஆறு பிரிவாகப் பதிவு செய்கிறது. 4, 5, 6 பிரிவுகளில் எண் இருந்தால், எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் பதிவானது என்று பாருங்கள். மேனுவல் கியரில் ஐந்துக்குப் பதில் தவறி மூன்றுக்குத் தள்ளினால் இது நடக்கும். எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் எஞ்சினைச் சுழற்றுவது அப்போது சக்கரங்கள்.

படி 6: அந்த மாடலின் பலவீனம்

ஒவ்வொரு மாடலுக்கும் தெரிந்த ஒரு நோய் உண்டு. பிஎம்டபிள்யூ இ46 எம்3-இல் பின் சப்ஃபிரேம் பொருந்தும் தரைத் தகடு விரிசல் விடும். அதற்கடுத்த எம்3-இன் வி8 எஞ்சினில் கனெக்டிங் ராட் பேரிங் தேயும். போர்ஷே 911-இன் 996 தலைமுறை, பாக்ஸ்டரின் 986 தலைமுறை எஞ்சின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் பிரச்சினை. ஆனால் அதே 996-இன் டர்போ, ஜிடி3 மாடல்களில் எஞ்சினே வேறு, இந்தக் கவலை இல்லை. நீங்கள் பார்க்கும் மாடலின் நோயைப் போகும் முன்பே தெரிந்துகொண்டு, அந்த வேலை முடிந்ததற்கான பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பாருங்கள். சூடானபின் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு லேசாக ரெவ் கொடுங்கள். நீலப் புகை வந்தால் டர்போ சீலோ வால்வ் சீலோ எண்ணெய் விடுகிறது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டில் சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

படி 7: ரேஸ் டிராக்கில் ஓடிய தடயம்

டிராக்கில் ஓடியது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். டிஸ்க்கின் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல், நீலம் பாய்ந்த டிஸ்க், வீல் ஆர்ச்சுக்குள் ஒட்டிய ரப்பர் உருண்டைகள், சீட்டுக்குப் பின்னால் ஹார்னஸ் (ரேஸ் சீட் பெல்ட்) போட்ட துளை, கூரைத் துணியில் ஹெல்மெட் உரசல் ஆகியவற்றைத் தேடுங்கள். டயரின் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

படி 8: லிஃப்ட்டும் அலைன்மென்ட்டும்

காசு கொடுத்தாவது அலைன்மென்ட் பிரிண்ட் (சக்கரக் கோணங்களின் அளவுத்தாள்) எடுங்கள். டோ அளவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) திருகிச் சரிசெய்துவிடலாம். காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) பல கார்களில் மாற்ற முடியாதது. இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் போனால் ஏதோ வளைந்திருக்கிறது. இரு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை டேப் பிடித்தும் ஒப்பிடுங்கள்.

படி 9: விலை

அதே மாடல், அதே கியர் வகை, பக்கத்து ஆண்டு, நெருங்கிய கிலோமீட்டர் உள்ள எட்டுப் பத்து விளம்பரங்களை ஒரு மாதம் கவனியுங்கள். மிக அதிகம், மிகக் குறைவு இரண்டையும் விடுங்கள். விலையைக் குறைத்த பிறகு மறைந்த விளம்பரங்களே உண்மையான விலையை நெருங்கியவை. அந்தத் தொகையை 100 என்று வையுங்கள்.

இனி கழிப்பு. உதாரணத்துக்கு, டயர் 3, முன் டிஸ்க்கும் பேடும் 3, கிளட்ச் 4, மேலே சொன்ன பேரிங் வேலை 4. இவற்றுக்கு உங்கள் மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி உண்மையான தொகையைப் போடுங்கள். ஒழுங்காகச் செய்த, படத்தோடு காட்டிய பேனல் வேலைக்கு 3 முதல் 5 கழிப்போம். மறைத்து வைத்து நாமே கண்டுபிடித்ததற்கு அதன் இருமடங்கு, ஏனென்றால் கண்ணில் படாதது இன்னும் இருக்கும். லாங் மெம்பர், தூண், பின் தரை அடிபட்டிருந்தால் எந்தக் கழிப்பும் போதாது. நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் இதே மீட்டரோடு வருவார். மாட்டிய எக்ஸாஸ்ட், ட்யூனிங் எதற்கும் கூட்ட வேண்டாம். கழற்றிய ஒரிஜினல் சாமான்கள் பெட்டியோடு வந்தால் மட்டும் அவற்றின் மதிப்பைக் கொஞ்சம் சேர்க்கலாம்.

வந்த தொகையிலிருந்து முதல் வருடச் செலவுக்கு 10 சதவீதம் தனியே எடுத்து வைக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் ஒரு படி கீழான மாடலைப் பாருங்கள். பேசும்போது பெயின்ட் அளவுகள், அலைன்மென்ட் பிரிண்ட், மதிப்பீடு மூன்றையும் மேசையில் வைத்துவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் "பாடியின் கட்டமைப்பில் பழுதில்லை, ஏர்பேக் வெடித்ததில்லை" என்ற வரியை எழுதிக் கையெழுத்து கேளுங்கள். அந்த வரிக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தயங்குகிறார் என்றால், டிக்கி கார்ப்பெட்டை இன்னொரு முறை தூக்கிப் பாருங்கள்.