வன்னிக் கடனும் கனடாப் படிவமும்

கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவருக்குப் 'பாதுகாப்பு அனுமதி' என்பது யாரோ பெரிய அதிகாரிகளின் விசயம் போலத் தெரியும். ஆனால் அரசாங்கக் கட்டடத்தைத் துப்புரவாக்கும் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தாலே ரிலையபிலிட்டி ஸ்டேட்டஸ், அதாவது நம்பகமானவர் என்கிற அடிப்படை அனுமதி, கேட்பார்கள். விமான நிலையத்தின் உள்பக்கத்தில் பொதி ஏற்றுவதற்கு ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவில் இருக்கிற மச்சான் சொல்வதை வைத்துக் குழம்ப வேண்டாம். அங்கே 13 வழிகாட்டு நெறிகளை வைத்துப் பார்க்கிறார்கள், அனுமதியும் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான்.

முதலில் கடன். 2014இல் வந்த அரசாங்க நியமம் ரிலையபிலிட்டிக்கே கிரெடிட் வரலாற்றை, அதாவது கடன் வாங்கிக் கட்டிய பதிவை, பார்க்கச் சொன்னது. வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட ஈடு வைத்த வயல், அடைவில் கிடக்கும் அக்காவின் தாலிக்கொடி, உழவு மெசினுக்கு எடுத்த லீசிங், இதொன்றும் இங்கே கடன் பதிவு வைக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸிலோ ட்ரான்ஸ்யூனியனிலோ இராது. அதனால் தப்பிவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார் என்று அம்மா ஒருநாள் இரவு அழைப்பார். நீங்கள் கடனட்டையில் காசை எடுத்து உண்டியலில் (வங்கி இல்லாமல் ஊருக்குக் காசு அனுப்பும் வழி) போடுவீர்கள். அந்த இரவோடு ஊர்க்கடன் கனடாக் கடனாகிவிடும். அடுத்த மாதம் ஆகக்குறைந்த தவணையும் தவறினால் அது பதிவாகும்.

எனக்கு நடந்தது இன்னும் கேவலம். வீடு மாறியபோது 84 டொலர் தொலைபேசிக் கட்டணம் ஒன்று பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வசூல்காரர் கையில் போன பிறகுதான் எனக்குத் தெரியும். கட்டி முடித்துக் கடிதமும் வாங்கினேன். ஆனால் நேர்முகத்தில் அந்த 84 டொலருக்கு முக்கால் மணித்தியாலம் விளக்கம் சொன்னேன்.

கடன் இருக்கிறதென்று மட்டும் யாரையும் தள்ளுவதில்லை. கடனால் நெருக்கப்படுகிறவரை விலைக்கு வாங்கலாமா என்பதுதான் அவர்களுடைய பயம். ஆகவே தவணை பேசி, எழுத்தில் வாங்கி, ஒழுங்காகக் கட்டி வருகிற ஆளுக்கு வழி உண்டு. பெரியப்பாவின் மகன் கார் எடுக்கப் பிணைக் கையெழுத்துக் கேட்டால்? ஊரில் மறுப்பது பெரிய மனத்தாங்கல், தெரியும். அப்படியும் மறுத்துவிடுங்கள். அவர் கட்டாவிட்டால் உங்கள் பெயரும் சேர்ந்து கெடும்.

இனி வழக்குகள். படிவம் கனடாவுக்கு உள்ளேயும் வெளியேயும் பெற்ற குற்றத் தீர்ப்புகளைக் கேட்கிறது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எழுத முன்பு கொஞ்சம் யோசியுங்கள். அனுமதியில்லாமல் மணல் ஏற்றி உழவு மெசினோடு பிடிபட்டது, காட்டு மரம், கசிப்பு (கள்ளச் சாராயம்)... நீதவான் முன்னால் 'குற்றவாளி' என்று ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் அது தீர்ப்புத்தான். நம்மவர்கள் அதை 'தண்டம் கட்டியாச்சு, முடிஞ்சுது' என்பார்கள். பழைய சின்ன வழக்கு பெரும்பாலும் தடையாகாது. மறைத்தது தெரிந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எதையும் நம்பமாட்டார்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு தடுப்பு முகாமிலோ அரசாங்கத்தின் புனர்வாழ்விலோ இருந்தது குற்றத் தீர்ப்பு அல்ல. ஆனால் குடிவரவு விண்ணப்பத்தில் சொன்னதும் இங்கே சொல்வதும் ஒன்றாக இருக்கவேண்டும். இதில் மட்டும் நண்பர்களின் புத்திமதி வேண்டாம், சட்டத்தரணியிடம் போங்கள்.

கனடாவிலேயே வாங்கிக் கட்டிக்கொள்கிற குற்றம் குடித்துவிட்டு ஓட்டுவது. 2018 டிசம்பர் 18இலிருந்து அதற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டு. பிஆர் (நிரந்தர வதிவிடம்) மட்டும் உள்ளவருக்கு அனுமதி மட்டுமல்ல, நாட்டில் இருப்பதே ஆட்டங்காணும். ஏற்கெனவே இங்கே தீர்ப்பு இருந்தால், தண்டனை முழுக்க முடிந்து, குற்றத்தின் வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருடத்தின் பின் ரெக்கோர்ட் சஸ்பென்ஷனுக்கு (குற்றப் பதிவை ஒதுக்கி வைப்பதற்கு) விண்ணப்பிக்கலாம். கட்டாத தண்டப்பணம் இருந்தால் அந்தக் கணக்கு தொடங்கவே தொடங்காது.

ஊர் வழக்கின் இலக்கம், நீதிமன்றம், வருடம், தண்டத் தொகை எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுங்கள். பற்றுச்சீட்டு அம்மாவின் றங்குப்பெட்டிக்குள் கிடந்தால், கறையான் அரிக்க முன்பு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.