செனட்டரின் செயல்பாட்டுப் பதிவைப் படிக்கும்போதும் அவருக்கு எழுதும்போதும் நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். "இந்த செனட்டர் நமக்கு எதிராக ஓட்டுப் போட்டார், எல்லோரும் உடனே போன் போடுங்கள்" என்று ஒரு வரி, கீழே ஒரு மசோதா எண், அவ்வளவுதான். பல நேரம் அந்த மசோதா காலாவதியாகி வருஷக்கணக்கு ஆகியிருக்கும், அந்த செனட்டர் அதில் ஓட்டே போட்டிருக்க மாட்டார். கோபம் நியாயமானதுதான். ஆனால் தப்பான இடத்தில் தேடி, தப்பான ஆளிடம் கேட்டால் அந்தக் கோபத்தால் யாருக்கும் பயன் இல்லை. குடியுரிமை கிடைக்கும்வரை நமக்கு ஓட்டு கிடையாது. ஒரு செனட்டர் என்ன செய்தார் என்று சரியாகப் படிப்பதும், அவர் அலுவலகத்துக்குச் சரியாக எழுதுவதும்தான் நம் கையில் இருக்கின்றன.

வாக்குப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பெரும்பாலான மசோதாக்கள் பெயர் வாரியான வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறுகின்றன. ஒருவர் எழுந்து "ஒருமனதாக ஒப்புதல் கேட்கிறேன்" என்பார், யாரும் மறுக்காவிட்டால் மசோதா தாண்டிவிடும், ஒரே ஒருவர் "மறுக்கிறேன்" என்றால் அங்கேயே நின்றுவிடும். இரண்டு விதத்திலும் வாக்குப் பட்டியலில் ஒரு வரிகூட ஏறாது.

நமக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பை நீக்க, 2019-ல் மைக் லீ செனட்டில் எஸ். 386 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். அப்போது செனட்டராக இருந்த கமலா ஹாரிஸ் அதன் இணை முன்மொழிவாளர், அதாவது மசோதாவில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டு ஆதரித்தவர். கீழவையில் இதே நோக்கமுள்ள எச்.ஆர். 1044 அந்த ஜூலையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது, அங்கே யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பார்க்கலாம். செனட்டில் அப்படி இல்லை. லீ ஒருமனதான ஒப்புதல் கேட்கக் கேட்க, ஜூனில் ராண்ட் பால், செப்டம்பரில் டேவிட் பெர்டியூ, அக்டோபரில் டிக் டர்பின் என்று ஆளுக்கு ஒருமுறை மறுத்தார்கள். கடைசியில் 2020 டிசம்பர் 2 அன்று, திருத்தங்களோடு, பெயர் வாரியான வாக்கெடுப்பு இல்லாமலே செனட்டில் நிறைவேறியது. இரு அவைகளின் வடிவங்களும் வேறாக இருந்தன, அதைச் சரிசெய்வதற்குள் 2021 ஜனவரியில் அந்த காங்கிரஸின், அதாவது அந்த நாடாளுமன்றத்தின், இரண்டு வருட காலம் முடிந்து மசோதாவும் முடிந்துபோனது. அதாவது, லட்சக்கணக்கான இந்தியக் குடும்பங்களைப் பாதித்த ஒரு விஷயத்தில் உங்கள் மாநிலத்திலிருந்து போன செனட்டர் என்ன செய்தார் என்று வாக்குப் பட்டியலில் தேடினால் ஒன்றுமே கிடைக்காது. அன்றன்று அவையில் பேசியதை அச்சிடும் காங்கிரஷனல் ரெக்கார்டில் தேதி வைத்துத் தேட வேண்டும், இணை முன்மொழிவாளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

அப்படிக் கண்டுபிடித்த பிறகும் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. டர்பின் மறுத்தார் என்றதும் "அவர் இந்தியர்களுக்கு எதிரி" என்று நம் ஆட்கள் முத்திரை குத்தினார்கள். சிறுவயதில் ஆவணமில்லாமல் அழைத்துவரப்பட்டவர்களுக்கு இங்கேயே தங்க வழி செய்யும் ட்ரீம் சட்டத்துக்காக அவர் 2001-லிருந்து போராடி வருபவர். மொத்த கிரீன் கார்டு எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் நீக்கினால் மற்ற நாட்டுக்காரர்கள் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள் என்பது அவர் வாதம். அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, எனக்கும் அதில் முழு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்த வருட டிசம்பரிலேயே அவர் லீயோடு உட்கார்ந்து ஒரு சமரசத்துக்கு வந்தார். முத்திரை குத்திய பிறகு அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தவர்களைவிட, அவருடைய காரணத்தைப் படித்துவிட்டு அதற்குப் பதில் சொன்னவர்கள்தான் உருப்படியாகப் பேசியிருக்க முடியும்.

"எதிராக" என்றால் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொள்வது

பெயர் வாரியாக வாக்கு பதிவாகியிருந்தாலும் எதன் மீது அந்த வாக்கு என்று பாருங்கள். சர்ச்சையான மசோதாக்களில் முதலில் விவாதத்தை முடிக்கலாமா என்றுதான் வாக்கெடுப்பு, அதற்கு 100 செனட்டர்களில் 60 பேர் வேண்டும். 2024 பிப்ரவரியில் எல்லைப் பாதுகாப்பு உடன்பாடு 49-க்கு 50 என்று இந்தப் படியிலேயே விழுந்தது. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பங்களின் வளர்ந்த பிள்ளைகளுக்கான பாதுகாப்பும் அதில் இருந்தது. அந்த வாக்கெடுப்பில் "எதிர்" என்று பதிவானவர்களில் ஒருவர் சக் ஷூமர், அதாவது மசோதாவை அவைக்குக் கொண்டுவந்த பெரும்பான்மைத் தலைவரே. தோற்ற பக்கத்தில் இருப்பவர் மறுபரிசீலனை கேட்க முடியாது என்ற விதியால், தோற்கப் போகிறது என்று தெரிந்ததும் தலைவர் வாக்கை மாற்றிக்கொள்வது வழக்கம். இதை அறியாமல் பட்டியலைப் படம் பிடித்துப் பரப்பினால், உங்கள் பக்கம் நின்றவரையே திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

திருத்தங்களிலும் இதே சிக்கல். 2003-ல் ஈராக், ஆப்கானிஸ்தானுக்கான 87 பில்லியன் டாலர் ஒதுக்கீட்டில், பணக்காரர்களின் வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டலாம் என்ற திருத்தத்தை அப்போதைய செனட்டர் ஜான் கெர்ரி ஆதரித்தார், அது தோற்ற பின் இறுதி மசோதாவை எதிர்த்தார். 2004 அதிபர் தேர்தலில் வேட்பாளராக நின்றபோது அதை அவர் விளக்கப் போய், பேச்சு மாறுபவர் என்ற பெயர்தான் மிஞ்சியது. பட்ஜெட் தீர்மானத்தின்போது ராத்திரி முழுக்க வரிசையாக நடக்கும் திருத்த வாக்குகளும் அப்படித்தான். அந்தத் தீர்மானம் சட்டமே ஆகாது, பல திருத்தங்கள் எதிர்க்கட்சியைச் சங்கடப்படுத்துவதற்கென்றே எழுதப்படுபவை. அமைப்புகள் வெளியிடும் மதிப்பெண் அட்டைகளைப் பார்த்தால், மதிப்பெண்ணைவிட எந்தெந்த வாக்குகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

எத்தனை மசோதா கொண்டுவந்தார் என்ற எண்ணிக்கையை நம்பி உழைப்பை அளக்காதீர்கள், நல்ல மசோதாக்கள் பல பெரிய தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துவிடும். அதேபோல ரெக்கார்டில் அச்சான எல்லாமே அவையில் பேசப்பட்டதல்ல. கரும்புள்ளி போட்டிருந்தால் அது எழுதிக் கொடுத்தது.

செய்திமடலையும் பதில் கடிதத்தையும் பதிவாக எடுத்துக்கொள்வது

செனட்டர் அலுவலகத்திலிருந்து வரும் மடல் அவர் நமக்குக் காட்ட விரும்பும் முகம். அதில் தப்பில்லை, ஆனால் பக்கத்தில் வாக்கையும் வைத்துப் படிக்க வேண்டும். 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் செனட்டில் 69-க்கு 30 என்று நிறைவேறியபோது அலபாமாவின் டாமி டியூபர்வில் எதிர்த்து வாக்களித்தார். அதே சட்டத்தின் வழியாக 2023 ஜூனில் அலபாமாவுக்கு பிராட்பேண்ட் நிதி வந்தபோது, அதை மகிழ்ச்சியோடு வரவேற்று ட்விட்டரில் எழுதினார். நிதி வந்தது நிஜம், வரவேற்றதும் நிஜம், அவர் எதிர்த்ததும் நிஜம். மடலில் மூன்றாவது இருக்காது.

நாம் எழுதியதற்கு வரும் பதிலும் பெரும்பாலும் கடிதப் பிரிவு இளைஞர் ஒருவர் ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய வாசகங்களை வைத்துத் தொகுப்பது. "உங்கள் கருத்தை மனதில் கொள்வேன்" என்றால் அவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. "ஆதரிக்கிறேன்" அல்லது "இணை முன்மொழிவாளராக இருக்கிறேன்" என்று இருந்தால் மட்டும் அதை நம்பிக் குழுவில் பகிருங்கள்.

சொத்து, பங்கு விவரங்களைத் தேடுபவர்களுக்கு ஒன்று. 2012-ன் ஸ்டாக் சட்டப்படி 1,000 டாலருக்கு மேற்பட்ட பங்கு வாங்கல் விற்றலை அதிகபட்சம் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் தொகை துல்லியமாக இருக்காது, 1,001 முதல் 15,000 வரை என்பது போல வரம்புகளாகத்தான் இருக்கும், மனைவி அல்லது கணவர் செய்ததும் அதிலேயே சேர்ந்து வரும். மேல் வரம்புகளை எல்லாம் கூட்டி "இவ்வளவு கோடி சம்பாதித்தார்" என்று எழுதுவது பொய்க்குச் சமம். அப்புறம், தகவல் அறியும் சட்டத்தில் மனு போட்டு செனட்டரின் கடிதங்களைக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சட்டம் காங்கிரஸுக்குப் பொருந்தாது.

எழுதும்போது

முதலில் ஆள் சரியா என்று பாருங்கள். ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம் போன்றவை மாநில விவகாரம், அதற்கு மாநில சட்டமன்றத்தின் செனட்டர் வேறு ஒருவர் இருக்கிறார். வாஷிங்டனுக்குப் போகும் செனட்டர்கள் உங்கள் மாநிலத்துக்கு இரண்டே பேர். பக்கத்து மாநிலத்தவருக்கு எழுதினால், முகவரியைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள். மசோதா எண் இப்போதைய காங்கிரஸைச் சேர்ந்ததா என்றும் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்கள் மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கும். எஸ். 386-ஐ ஆதரியுங்கள் என்று இன்று போன் செய்தால், சம்பந்தமே இல்லாத வேறொரு மசோதாவுக்கு நீங்கள் ஆதரவு சொன்னதாகக் குறித்துக்கொள்வார்கள்.

தபாலில் அனுப்புவதைத் தவிருங்கள். 2001-ல் டாம் டாஷில், பேட்ரிக் லீஹி என்ற செனட்டர்களுக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமிப் பொடி வைத்த கடிதங்கள் அனுப்பப்பட்ட பிறகு, தலைநகருக்குப் போகும் தபால் எல்லாம் வெளியே பரிசோதிக்கப்பட்டுத் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. இணையப் படிவம், போன், மாநிலத்துக்குள் இருக்கும் அவருடைய கிளை அலுவலகம், இவை போதும்.

ஒரே வாசகத்தை ஐநூறு பேர் வெட்டி ஒட்டினால் அது ஒரு எண்ணிக்கையாக மட்டும் பதிவாகும். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் உங்கள் சொந்த நிலைமை ஒரு பத்தியில் இருந்தால் யாராவது நின்று படிப்பார்கள். "நான் இந்த ஊரில் இருக்கிறேன், இந்த மருத்துவமனையில் வேலை செய்கிறேன், என் மகளுக்கு 21 வயதானதும் என் விசாவைச் சார்ந்து இங்கே இருக்க முடியாது, இந்த எண் மசோதாவில் இணை முன்மொழிவாளராகச் சேரக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். கேட்பது ஒன்றாக, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

சொந்தக் கோப்பு சிக்கிக்கொண்டால் அது வேறு வேலை, அதைக் கொள்கைக் கடிதத்தோடு கலக்காதீர்கள். பெரும்பாலான அலுவலகங்கள் குடியுரிமை பார்க்காமல் அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு உதவுகின்றன. ஆனால் 1974-ன் தனியுரிமைச் சட்டப்படி நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் அவர்களால் குடியேற்றத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாது. ரசீது எண், விண்ணப்பித்த தேதி, துறையிடமிருந்து கடைசியாக வந்த கடிதம் எல்லாவற்றையும் முதல் தடவையே அனுப்புங்கள். இரண்டு செனட்டர்கள், கீழவை உறுப்பினர் என்று மூவரிடமும் ஒரே நேரத்தில் கொடுத்தால் விசாரணைகள் ஒன்றோடொன்று மோதித் தாமதம்தான் ஆகும், ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்தல் நன்கொடை கொடுத்திருந்தால் அந்தப் பேச்சை இங்கே எடுக்கவே கூடாது. சார்லஸ் கீட்டிங் என்ற சேமிப்பு வங்கி முதலாளியிடம் நன்கொடை வாங்கியிருந்த ஐந்து செனட்டர்கள் அவருக்காக வங்கிக் கட்டுப்பாட்டாளர்களிடம் பேசப் போய், அது ஒழுங்குக் குழு விசாரணைவரை போனது. 1992-ல் மக்களுக்கு உதவுவது எப்படி என்று செனட் தனி விதியே வகுத்தது. நன்கொடையைக் குறிப்பிட்டால் உங்கள் கோப்பைத் தொடவே தயங்குவார்கள்.

என்ன எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். காரணமில்லாமல் கிடக்கும் கோப்பு ஏன் நகரவில்லை என்று அவர்களால் கேட்க முடியும், பதில் வாங்கித் தர முடியும். சென்னைத் துணைத் தூதரகத்தில் உங்கள் அம்மா அப்பாவுக்கு மறுக்கப்பட்ட வருகை விசாவைக் கொடுக்க வைக்க முடியாது, அது அங்குள்ள அதிகாரியின் முடிவு. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொட மாட்டார்கள். கோப்பைப் பார்க்கும் ஊழியரின் பெயரையும் பேசிய தேதியையும் குறித்து வையுங்கள், அடுத்த முறை பொது எண்ணில் மறுபடி கதையை ஆரம்பிக்காமல் அவரையே கேளுங்கள்.