பழைய பொம்மை ரயில் விக்கி விக்கி ஓடினால் செய்யக்கூடாதவை

தாத்தா சிலோனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்த ட்ரை-ஆங், ஹார்ன்பி டப்ளோ (பழைய பிரிட்டிஷ் பொம்மை ரயில் பிராண்டுகள்) இன்ஜினைப் பரணிலிருந்து இறக்கி ஓட்டிப் பார்க்கும் இளைஞர்கள் நாகர்கோவில் பக்கம் சிலர் உண்டு. அது விக்கி நின்றதும் என்னிடம் தூக்கி வருவார்கள். பெரும்பாலும் ஏதாவது வேலை பார்த்துவிட்டுத்தான் வருவார்கள், அதுதான் தொல்லை. தண்டவாளத்தைத் துடையுங்கள், வயரைப் பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

எடுத்த எடுப்பில் மோட்டாரைச் சந்தேகிப்பது

இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து, மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்களுக்கு நேரடியாக மின்சாரம் கொடுங்கள். இவை 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை, பாதி வோல்ட்டில் தொடங்கினால் போதும். சீராகச் சுற்றினால் மோட்டார்மேல் பழியில்லை. தண்டவாளத்தில் ஓடும்போது எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், கோளாறு தண்டவாள இணைப்பில். சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் தட்டினால், சக்கரங்களை இணைக்கும் பக்கவாட்டுக் கம்பி வளைந்திருக்கும், அல்லது அச்சில் நகர்ந்துபோன சக்கரம்.

காந்தத்தைக் கழற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். 1950, 60களின் ட்ரை-ஆங் இன்ஜின்களில் இருக்கும் எக்ஸ்-04 மோட்டாரின் காந்தம் அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) வகை. இருபுறமும் இரும்பு ஒட்டியிருக்கும்வரை அதன் சக்தி நிற்கும். தனியாக உருவி எடுத்தால் அந்த நொடியே கணிசமான பகுதி போய்விடும். திரும்ப மாட்டினாலும் வராது. டப்ளோவில் ஆர்மேச்சரை (கம்பி சுற்றிய சுழலும் பாகத்தை) உருவினாலே இந்தக் கதிதான்.

மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் மோட்டாரை அக்கக்காகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பளபளவென்று மாட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, இப்போ என்னா ஓட்டம் ஓடுது, பாத்தியளா!" ஓடத்தான் செய்தது. காந்தம் வலுவிழந்த மோட்டார் சுமையில்லாதபோது முன்னைவிட வேகமாகச் சுற்றும், ஏமாறுவது அங்கேதான். இரண்டு பெட்டிகளை மாட்டினோம், நகரவில்லை. இழுக்கும் பலம் இல்லை, ஆனால் மின்சாரத்தை மட்டும் கூடுதலாக இழுக்கும். அவர் வேகம் கூட்டும் குமிழை முழுவதும் திருகிவிட்டார். வார்னிஷ் கருகும் வாடை வந்த பிறகுதான் நிறுத்தினார்.

இத்தனைக்கும் அதில் இருந்த கோளாறு, கம்யூட்டேட்டரின் (பிரஷ்கள் உரசும் செம்பு வளையத்தின்) மூன்று துண்டுகளுக்கு இடையிலான பள்ளங்களில் கார்பன் தூள் அடைத்திருந்ததாகத்தான் இருக்கும். இன்ஜினின் மேல்கூட்டைக் கழற்றினாலே அந்தப் பள்ளங்கள் தெரியும். கூராக்கிய ஈர்க்கில் ஒன்றால் சுரண்டினால் முடிந்துபோகும் வேலை.

ஆர்மேச்சரின் காயில் பழுதா என்ற சந்தேகத்துக்கும் கழற்ற வேண்டியதில்லை. பிரஷ்களைத் தள்ளிவிட்டு, இரண்டிரண்டு துண்டுகளாக மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கழற்றியே தீர வேண்டுமென்றால், முதலில் காந்தத்தின் இரு முனைகளையும் சேர்த்து ஒரு இரும்புத் துண்டை ஒட்டவையுங்கள். சக்தி போனால் மறுபடி ஏற்றத் தனிக் கருவி வேண்டும். இல்லையென்றால் நியோடைமியம் காந்தம் வாங்கிப் போடலாம். செலவுதான்.

தேங்காய் எண்ணெய்

நம் ஊரில் எதற்கும் அதுதான். இதற்கு வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய், ஊசிமுனையில் ஒரு சொட்டு. கம்யூட்டேட்டரில் அதுவும் கூடாது.

உப்புத்தாள்

கம்யூட்டேட்டரை இதால் தேய்க்கவே கூடாது. கீறலில்தான் அழுக்கு தங்கும்.

பிரஷ் ஸ்பிரிங்கின் உறையைத் தொலைப்பது

எக்ஸ்-04இல் இரண்டு பிரஷ்களையும் ஒரே ஸ்பிரிங் அழுத்துகிறது. அதன் ஒரு காலில் மட்டும் சின்னக் குழாய் உறை இருக்கும். அழுக்கென்று நினைத்து அதைப் பிய்த்தெறிந்துவிடுகிறார்கள். அப்புறம் ஷார்ட் ஆகிறதே என்கிறார்கள். மெல்லிய வயரின் மேலுறையை வெட்டிச் செருகினால் சரியாகும்.

கடலோரத்தில் திறந்து வைப்பது

குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் தண்டவாளத்தை மேசைமேல் விரித்தே வைத்திருக்காதீர்கள். பழைய ட்ரை-ஆங் தண்டவாளம் எஃகு. உப்புக்காற்றில் துரு ஏறிவிடும். ஓட்டி முடித்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். ஈரம் குடித்த பொட்டலத்தை மாற்றவும் வேண்டும்.